வேர் பிடிக்கும் வரை தொட்டி: அழுகிப் போன ஒரு டேலியாப் பாத்தி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்புறச் சுவரை ஒட்டி நீளமாக ஒரு பூப்பாத்தி. தரை கொஞ்சம் தாழ்வு, மண் களிமண். குளிர் விடும் நேரமும் மழை பிடிக்கும் நேரமும் அங்கே ஒன்றாகவே வரும். தோட்டத்துக்காரம்மா வயதில் பெரியவர், செடி விஷயத்தில் கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர். குச்சியை ஒடித்து வைத்தாலும் துளிர்க்கும் என்பார்கள். ஆனால் கிழங்கு வகைப் பூக்கள் மட்டும் அவரிடம் வரவில்லை. டேலியாக் கிழங்கில் பாதிக்கு மேல் தலைகாட்டவே இல்லை. தப்பி வந்த சிலதும் மொட்டு விடுவதற்குள் பருவம் முடியப் பார்த்தது. நிலச்சம்பங்கி வெறும் இலையோடு நின்றது. கிழங்குப் பெகோனியா போன இடம் தெரியவில்லை. லில்லி அரைகுறை. கிளாடியோலஸ் ஒன்றுதான் சொன்ன நேரத்துக்குப் பூத்தது.

"வருஷா வருஷம் வாங்கி வாங்கி மண்ணுக்குத் தீனி போடுறேன் தம்பி. விக்கிறவங்க குடுக்கிற கிழங்கே சொத்தை" என்றார்.

"தோண்டிப் பாத்துட்டுச் சொல்றேம்மா. அதுவரைக்கும் யாரையும் திட்டாதீங்க."

கிழங்கை முதலில் தொட்டியில் முளைக்கவிட்டு அப்புறம் பாத்திக்கு மாற்றலாம் என்ற யோசனை அவருக்கே இருந்தது. சீக்கிரம் பூக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தொட்டி முறையைப் பற்றிப் பேசுகிற பலரும் இந்த வேகத்தைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் இந்தப் பாத்திக்குத் தேவைப்பட்டது வேகம் இல்லை, வேறொன்று.

தோண்டிப் பார்த்ததில்

முளைக்காத டேலியாக் கிழங்குகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தாளில் பரப்பினோம். எல்லாம் ஒரே காரணத்தால் போயிருக்கும் என்று நினைத்தவருக்கு அங்கேயே ஒரு ஆச்சரியம். மூன்று விதமான சாவு இருந்தது.

பெரும்பான்மை அழுகல். தோல் மட்டும் முழுசாக இருக்கும், விரலால் அமுக்கினால் உள்ளே கூழ். புளித்த நாற்றம். கிழங்கைச் சுற்றியிருந்த மண்ணும் விரலில் ஒட்டிக்கொண்டு பளபளத்தது, அதில் காற்று போக இடமே இல்லை.

இரண்டாவது வகை அதைவிட விநோதம். கிழங்கு கெட்டியாக, புத்தம் புதிதாக இருந்தது. அடியில் நாலைந்து வெள்ளை வேர்கூட விட்டிருந்தது. முளை மட்டும் இல்லை. இதற்குக் காரணம் டேலியாவின் உடலமைப்பு. உருளைக்கிழங்கில் மேலெல்லாம் முளைக்கண் இருக்கும். டேலியாக் கிழங்கின் சதையில் ஒரு கண்கூடக் கிடையாது. பழைய தண்டும் கிழங்கின் கழுத்தும் சேருகிற கொண்டைப் பகுதியில்தான் கண்கள் உண்டு. பிரிக்கும்போது கொண்டையில் ஒரு துண்டு கிழங்கோடு வராவிட்டால், அல்லது கழுத்து மடங்கி முறிந்துவிட்டால், அது வேர்விட்டபடியே மாதக்கணக்கில் கிடக்கும், செடியாகாது. தோட்டக்காரர்கள் குருட்டுக் கிழங்கு என்பது இதைத்தான்.

மூன்றாவது, முளைத்துச் செத்தவை. தரைமட்டத்தில் முளை வழுவழுப்பாக மழித்த மாதிரி இருந்தது, பக்கத்தில் வெள்ளி போல மினுங்கும் தடம். நத்தை. இரவில் வந்து தின்றுவிட்டுப் போயிருக்கிறது. மேலே பார்த்தவருக்கு முளையே வரவில்லை என்றுதான் தோன்றியிருக்கும்.

ஆக, விற்றவர் மேல் பழி போடக்கூடியது இரண்டாம் வகை மட்டும். அதிலும் கழுத்து முறிந்தது எங்கே, அனுப்பும்போதா, நடும்போதா என்று சொல்ல முடியாது.

அழுகல் ஏன்

டேலியாவுக்குப் பூர்வீகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் சேர்ந்த மலைப்பகுதி. அங்கே குளிர்காலம் வறட்சி. செடி காய்ந்து கிழங்காக உறங்கும் மாதங்களில் மண்ணில் ஈரம் இருக்காது, மழை வரும்போது மண்ணும் சூடாகிவிடும். கிழங்கு பழகியது அந்த ஒழுங்குக்கு. இந்தப் பாத்தியில் நடந்தது தலைகீழ். கிழங்கு இன்னும் தூக்கத்தில், மண் குளிர்ந்தபடி, அதற்குள் மழை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. உறங்கும் கிழங்குக்கு வேர் இல்லை. வேர் இல்லாத ஒன்று தண்ணீர் குடிக்காது. செடி நின்றால் ஈர மண்ணிலிருந்து தினமும் தண்ணீரை இழுத்து இலை வழியாக வெளியே விடும், மண்ணும் காற்று வாங்கும். கிழங்கு மட்டும் கிடக்கிற மண்ணில் தண்ணீர் அப்படியே தங்கும். களிமண்ணில் இடுக்குகள் நுண்ணியவை, தண்ணீர் நிரம்பினால் காற்றுக்கு வழியில்லை. மூச்சுக்கு ஆக்சிஜன் கிடைக்காத கிழங்கு பலவீனப்பட, மண்ணில் எப்போதும் இருக்கிற பூஞ்சையும் பாக்டீரியாவும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். மண் 15 டிகிரி செல்சியஸாவது தொடாத வரை டேலியா சுறுசுறுப்பாக வேர்விடாது. குளிர்ந்த மண்ணில் இந்த வேரில்லாக் காலம் வாரக்கணக்கில் நீள்கிறது. ஆபத்து முழுக்க அந்த வாரங்களில்தான்.

எனவே தொட்டியின் வேலை, வேர் வரும் வரை கிழங்கை நம் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது. சூட்டையும் ஈரத்தையும் நாம் முடிவு செய்யலாம். நத்தைக்கு எட்டாத இடத்தில் வைக்கலாம். குருட்டுக் கிழங்கு இருந்தால் பாத்தியில் இடம் அடைக்கும் முன்பே தெரிந்துவிடும். சீக்கிரம் பூப்பது இதோடு ஒட்டி வருகிற லாபம்.

தொட்டி வேலை

அடுத்த பருவத்தில், பாத்திக்கு மாற்ற உத்தேசித்த நாளுக்கு 4 முதல் 6 வாரம் முன்னால் தொடங்கினோம். அதைவிட முன்னால் போனால் தொட்டியிலேயே செடி பெருத்து வேர் சுருண்டுகொள்ளும்.

அம்மா முதலில் எடுத்து வைத்த தொட்டிகளில் அடியில் செங்கல் ஜல்லி நாலு விரல் உயரத்துக்கு நிரம்பியிருந்தது. தண்ணீர் நன்றாக வடியும் என்று எல்லாரும் செய்கிற ஏற்பாடு, நான் அதை எடுக்கச் சொன்னேன். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளி உள்ள ஜல்லிக்குத் தண்ணீர் சுலபமாக இறங்காது. மண் கலவை முழுக்க ஊறி நிரம்பிய பிறகுதான் இறங்கும். வடிந்து முடிந்த பிறகும் எந்தத் தொட்டியிலும் கலவையின் அடியில் ஒரு ஈரப் பட்டை தங்கும், அதன் உயரம் கலவையைப் பொறுத்தது. ஜல்லி போட்டால் அந்தப் பட்டை மறைவதில்லை, ஜல்லியின் உயரத்துக்கு மேலே ஏறிக் கிழங்குக்குப் பக்கத்தில் வருகிறது. ஓட்டை அடைக்காமல் இருக்க ஒரு ஓட்டுச் சில்லு வைத்தால் போதும். வடிகால் வேண்டுமென்றால் கலவையையே பொலபொலப்பாக்க வேண்டும். கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) பருமணலும் பெர்லைட்டும் (லேசான வெள்ளைக் குருணை), கொஞ்சம் மட்கிய இலையுரமும் கலந்தோம். வேறு உரம் எதுவும் இல்லை. கிழங்கு கட்டுச்சோற்றோடுதான் வருகிறது, வேர் வரும் வரை வெளியிலிருந்து ஊட்ட வேண்டியதில்லை.

டேலியாவுக்கு ஒரு சாண் அகலத் தொட்டி. கிழங்கைப் படுக்கவைத்து, கொண்டைப் பகுதி மண்ணுக்கு மேலே லேசாகத் தெரிகிற மாதிரி மூடினோம். பாத்தியில் நடும்போதுதான் ஆழம் தேவை. தொட்டியில் கண் பருக்கிறதா என்று பார்க்க முடிய வேண்டும்.

தண்ணீர்தான் பெரிய சண்டை. கலவையை நிரப்பும் முன்பே ஈரமாக்கினோம். கைப்பிடியாக எடுத்துப் பிழிந்தால் உருண்டை நிற்கணும், சொட்டுக்கூட விழக் கூடாது. அதற்குப் பிறகு முளை தெரியும் வரை தண்ணீர் கிடையாது. செடி வளர்த்துப் பழகிய கை சும்மா இருக்குமா? மேல்மண் வெளுத்ததைப் பார்த்ததும் குவளையோடு வந்துவிடுவார். அதனால் ஒரு ஏற்பாடு: மேல்மண்ணைப் பார்க்காமல் தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது. நிரப்பிய அன்று தூக்கிய கனம் கைக்கு நினைவிருக்கும். மேலே காய்ந்திருந்தாலும் கனம் அப்படியே இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. இரண்டு மூன்று முறை தூக்கிய பிறகு அவரே, "இதுக்கு இப்ப வேண்டாம்" என்று சொல்ல ஆரம்பித்தார்.

மற்ற கிழங்குகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். கிழங்குப் பெகோனியா தட்டையாக இருக்கும், ஒரு பக்கம் குழிவு. குழிவான பக்கம்தான் மேல், முளை அங்கிருந்துதான் வரும். முந்தின பருவத்தில் பலதைக் குப்புற நட்டிருந்தது தோண்டியபோது தெரிந்தது. ஆனால் நேராக வைத்தாலும் அந்தக் குழியில் தண்ணீர் தேங்கினால் அழுகும், அதனால் ஓரமாக மட்டும் தண்ணீர். லில்லி வேறு மாதிரி. அது முழு உறக்கத்துக்குப் போவதே இல்லை, செதில்களுக்கு உறை கிடையாது, வெளியே வைத்தால் வற்றிவிடும். கைக்கு வந்ததுமே தொட்டிக்குள் போக வேண்டியது அதுதான். லில்லிக்குக் கிழங்கின் அடியில் ஒரு வேர்க்கூட்டம், கிழங்குக்கு மேலே தண்டில் இன்னொரு வேர்க்கூட்டம். ஆழமான தொட்டியில் அடியில் வைத்து, பாதி மட்டும் மூடி, தண்டு ஏற ஏறக் கலவையைச் சேர்த்துக்கொண்டே வந்தோம். நிலச்சம்பங்கியும் மெக்சிகோவிலிருந்து வந்ததுதான், டேலியாவைவிட அதிகமாகச் சூடு கேட்கும். வீட்டிலேயே கதகதப்பான மூலை அதற்குப் போனது.

முளை வந்த பிறகு இடம் மாற்றினோம். முளைக்க வைக்கச் சூடு வேண்டும், வெளிச்சம் அவ்வளவு முக்கியமில்லை. முளைத்த பிறகு வெளிச்சம் முக்கியம், சூடு குறைந்தாலும் பரவாயில்லை. இதைத் தலைகீழாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அங்கேயே சாட்சி இருந்தது. அலமாரி ஓரத்தில் மறந்துபோன ஒரு டேலியாத் தொட்டியில் முளை வெளிறி, நூலாக நீண்டு, தன் பாரத்தையே தாங்க முடியாமல் சாய்ந்து கிடந்தது. அடியிலிருந்து வெட்டிவிட்டு வெளிச்சத்தில் வைத்தோம். கொண்டையிலிருந்து வேறு முளை வந்தது. லில்லியில் இந்தச் சலுகை கிடையாது. ஒரு கிழங்குக்கு ஒரு தண்டு, தண்டுக்கு ஒரு நுனி, பூவெல்லாம் அந்த நுனியில். அது ஒடிந்தால் அந்த வருஷப் பூ போச்சு.

எப்போது மாற்றுவது

முளை ஒரு சாண் வந்ததும் மாற்றலாம் என்று அம்மா கணக்குப் போட்டிருந்தார். சரி, தட்டிப் பார்ப்போம் என்று இரண்டு டேலியாத் தொட்டிகளை எடுத்தோம். ஒன்றில் முளை நெடுநெடுவென்று, இலை நாலு ஜோடி. மற்றதில் குட்டையாக, இரண்டே ஜோடி. தண்டை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினோம். நெட்டைச் செடியின் மண் உதிர்ந்து கையெல்லாம் கொட்டியது. உள்ளே ஏழெட்டு வேர், அதுவும் சின்னச் சின்னதாக. குட்டைச் செடியோ தாய்மண் அப்படியே உருண்டையாக வந்தது. சுற்றிலும் வெள்ளை வேர்கள் தொட்டிச் சுவரைத் தொட்டுத் திரும்பியிருந்தன.

மேலே தெரிகிற வளர்ச்சியைக் கிழங்கே தன் சேமிப்பிலிருந்து கொடுத்துவிட முடியும். வேர் இருக்கிறதா என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. நெட்டையை அன்று பாத்தியில் வைத்திருந்தால் பழைய கதைதான், வேரில்லாத கிழங்கு ஈரக் களிமண்ணில், கூடவே தண்ணீர் கேட்கிற இலைகளும். அதைத் திரும்பத் தொட்டியிலேயே வைத்துக் கலவையைத் தட்டி நிரப்பினோம். அன்றிலிருந்து விதி மாறியது: மண் உதிராமல் வந்தால் மாற்றலாம், இல்லையென்றால் காத்திருக்கணும். ஓட்டை வழியாக வேர் எட்டிப் பார்ப்பதும் நல்ல அறிகுறி. ஆனால் வேர் வளையம் வளையமாகச் சுருளும் வரை விடக் கூடாது.

மாற்றுவதற்கு முன் வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்க 7 முதல் 10 நாள். முதலில் நிழலில் ஓரிரு மணி நேரம், அப்புறம் காலை வெயில், கடைசியில் இரவும் வெளியே. வீட்டுக்குள் வளர்ந்த இலை மெல்லியது, நேரே வெயிலில் வைத்தால் வெளுத்துக் கருகும். பாத்தியையும் ஒரு சாண் உயர்த்தி, மட்கு கலந்து, நடும் குழியிலேயே முதலில் ஊன்றுகோலை அடித்தோம். செடி வளர்ந்த பிறகு அடித்தால் கோல் கிழங்கைக் குத்திவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில டேலியாக் கிழங்குகளையும் கிளாடியோலஸ்களையும் அதே பாத்தியில் நேரடியாக நட்டிருந்தோம். நடும்போது 10 செ.மீ. ஆழத்தில் வெப்பமானியைக் குத்திப் பார்த்தால் 15 டிகிரிக்குக் கீழேதான் இருந்தது. அம்மா வழக்கமாக நடுகிற நேரம் அது என்பதால் அப்படியே விட்டோம்.

என்ன ஆனது

தொட்டியிலிருந்து போன டேலியாக்கள் ஏறக்குறைய எல்லாமே நின்றன. நேரடியாக நட்டவற்றில் சிலது அழுகியது, ஆனால் முந்தின பருவத்தைப் போல அவ்வளவு மோசமில்லை. பாத்தியை உயர்த்தியதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். எனவே வெற்றி முழுவதையும் தொட்டியின் கணக்கில் எழுதிவிட முடியாது. வடிகால் நல்ல மணற்பாங்கான மண்ணும் சூடும் இருக்கிற இடத்தில் டேலியாவை நேரடியாக நட்டாலே போதும் என்பதுதான் என் கட்சி.

தொட்டிச் செடிகள் சில வாரம் முன்னதாகப் பூத்தன. பருவத்தின் நடுவில் நேரடியாக நட்டதில் தப்பியவை உயரத்தில் இவற்றைப் பிடித்துவிட்டன. அருகருகே நின்றபோது எது எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியவில்லை. டேலியா கிழங்குக்குள் பூவை வைத்துக்கொண்டு வருவதில்லை. முளைத்து, இலைவிட்டு, அதற்குப் பிறகுதான் மொட்டைக் கட்டும், நட்டதிலிருந்து 8 முதல் 12 வாரம் வேண்டும். அதனால் தொட்டியில் சேர்த்த வாரங்கள் நேராகப் பூவின் கணக்கில் வருகின்றன. டியூலிப்பையும் டாஃபோடிலையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவற்றின் பூ முந்தின பருவத்திலேயே கிழங்குக்குள் உருவாகிவிடுகிறது. அதை வெளியே கொண்டுவர 12 முதல் 16 வாரக் குளிர் வேண்டும். அந்தக் குளிர் கிடைக்காமல் சூடான அறையில் தொட்டியில் வைத்து அவசரப்படுத்தினால் பூ குட்டையாக வரும், அல்லது இலைக்குள்ளேயே கருகும்.

கிளாடியோலஸில் தொட்டி வேலை வீண். தொட்டியிலிருந்து போனவை சாய்ந்தன, நேரடியாக நட்டவை நிமிர்ந்து நின்றன. கத்தி போன்ற நீள இலைக்குச் சின்னத் தொட்டியில் பிடிமானம் போதவில்லை. 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில் நேராக நட்டால்தான் அதற்கு உறுதி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக நட்டால் பூவும் தொடர்ந்து கிடைக்கும்.

நிலச்சம்பங்கி எல்லாமே முளைத்தது, பூத்தது பாதிதான். பூக்காதவை சின்னப் பல்புகள். பூத்து முடிந்த தாய்ப் பல்ப் மறுபடி பூக்காது, பக்கத்தில் விடுகிற குட்டிகள் பருத்து வந்துதான் பூக்க வேண்டும். குத்தாக வாங்கியதில் பெரும்பகுதி அந்தக் குட்டிகள். தொட்டி அதை மாற்றாது. அவற்றைக் கடாசிவிட வேண்டாம், உரம் கொடுத்துப் பருக்க வையுங்கள் என்றேன். லில்லியில் ஒன்று மாற்றும்போது நுனி ஒடிந்தது. அதன் இலைகளை வெட்டாமல் விட்டிருக்கிறோம், கிழங்கு அடுத்த வருஷத்துக்குச் சேர்த்துக்கொள்ளட்டும்.

பருவ முடிவில் டேலியாவைத் தோண்டியபோது இன்னொரு வேலை சுலபமானது. அப்போதே கிழங்கைப் பிரித்தால் கண் எது, வெறும் சுருக்கம் எது என்று தெரியாது. குருட்டுக் கிழங்குகள் பிறப்பது பெரும்பாலும் அந்த நேரத்து வெட்டில்தான். இந்த முறை குத்தைப் பிரிக்காமல் அப்படியே காயவைத்து, உறைபனி படாத இடத்தில் லேசான ஈரமுள்ள கோகோபீட்டில் வைத்தோம். சூடு திரும்பியதும் முழுக் குத்தையும் தட்டில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் கண்கள் சிவந்து பருக்கும். அப்போது கண் இருக்கிற கொண்டைத் துண்டோடு சேர்த்து வெட்டி, வெட்டுவாய் ஓரிரு நாள் உலர்ந்த பிறகு தனித்தனித் தொட்டிக்கு. அம்மா இப்போது அந்தத் தட்டில் கண் வந்ததற்கு மட்டும் பெயர்ச்சீட்டு எழுதுகிறார், வராததற்குத் தொட்டி கிடையாது.